லீஃப்ஸ் வரலாற்றின் சிறந்த ஐந்து சென்ரர்கள் யார்? புள்ளிக் கணக்கை வைத்துச் சொல்லிவிடலாமா?

ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் ஐஸ் ஹொக்கி அணியின் வரலாற்றில் சிறந்த ஐந்து சென்ரர்கள் யார் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பதினொரு வயது மகள் இந்தக் காலத்து மத்தியூஸ்தான் முதலாவது என்கிறாள், உங்கள் அண்ணா 2008 வரை ஆடிய சுண்டீனை விட்டு இறங்கமாட்டேன் என்கிறார், "புள்ளிக் கணக்கைப் பார்த்தால் சண்டை தீர்ந்துவிடாதா?" என்று முடித்திருக்கிறீர்கள். (போட்ட கோலுக்கு ஒன்று, கோலுக்கு வழிசெய்து கொடுத்த அசிஸ்டுக்கு ஒன்று, இரண்டும் சேர்ந்ததுதான் புள்ளி.) நீங்கள் உண்மையில் கேட்க வந்தது அந்தக் கடைசி வரிதான் என்று நினைக்கிறேன். 1936இல் விளையாட வந்தவரையும் 2016இல் வந்தவரையும் ஒரே தராசில் நிறுக்கலாமா? நிறுப்பதென்றால் எந்தப் படிக்கல்லைப் போடுவது? ஐந்து பெயரைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் படிக்கல்லைப் பற்றிக் கொஞ்சம் கதைக்க வேண்டும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. 1988இல் ஸ்காபரோவுக்கு வந்தேன். முதல் ஏழெட்டு வருடம் ஒரு அரீனாவில் இரவு வேலை, ஐஸை மட்டமாக்கும் ஸாம்போனி வண்டியை ஓட்டுவதும் அதில் அடக்கம். அங்கேயே சிறுவர் ஆட்டங்களுக்கு நேரம் பார்க்கும் பெட்டிக்குள் போய் உட்காரத் தொடங்கி இருபது வருடத்துக்கு மேல் ஸ்கோர் தாள் எழுதினேன். பிறகு கொஞ்சக் காலம் பெடியன்களுக்கு ஃபேஸ்-ஓஃப், அதாவது நடுவர் போடும் பக்கை (ரப்பர் வட்டை) இருவர் மட்டையால் போட்டியிட்டு எடுப்பது, பழக்கினேன். அந்தப் பெட்டி நடுக்கோட்டுக்கு நேரே இருக்கும். அங்கிருந்து பார்க்கிறவனுக்குக் கோல் போட்டவனை விட, கோல் விழாமல் செய்தவன் யார் என்பது மெல்ல மெல்லப் பிடிபடும். ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இந்தச் சென்ரர்களில் தொண்ணூறுகளில் ஆடிய கில்மோர் காலத்திலிருந்துதான் நான் என் கண்ணால் பார்த்தேன். அவருக்கு முந்திய சிட்லரையும் கியோனையும் பழைய ஒளிப்பதிவுகளில் பார்த்திருக்கிறேன். இன்னும் பழைய ஆட்களான அப்ஸையும் கெனடியையும் துண்டு துண்டான படங்களிலும் எழுத்திலும் மட்டுமே அறிவேன். அந்த இருவரைப் பற்றி நான் சொல்வதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹொக்கியில் சென்ரர் என்றால் நடுவில் நின்று கோல் போடுகிறவர் என்றுதான் எங்கள் ஆட்கள் நிறையப் பேர் நினைக்கிறார்கள். பாதிதான் சரி. ஒவ்வொரு ஃபேஸ்-ஓஃபிலும் பக்கை எடுக்கக் குனிகிறவர் அவர். எதிரணி எங்கள் பக்கத்துக்கு வந்துவிட்டால் இரு ஓரத்திலும் ஆடும் விங் ஆட்கள் இருவரும் மேலே, அவர்களுடைய டிஃபென்ஸ்காரரைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம். சென்ரர் மட்டும் எங்கள் கோல் வாசல் வரைக்கும் இறங்கி மூன்றாவது டிஃபென்ஸ்காரராக வேலை செய்ய வேண்டும், பக் கிடைத்ததும் அங்கிருந்தே முழு ஐஸையும் கடந்து மேலே போக வேண்டும். ஆகவே ஒரு சென்ரரைப் பற்றி நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: அவர் ஐஸில் நின்ற நேரத்தில் எதிரணியின் சென்ரர் என்ன செய்துகொண்டிருந்தார்? அவர் போட்ட கோல்களை அதற்குப் பிறகு எண்ணலாம். சிரமம் என்னவென்றால், கோல் எண்ணிக்கைக்குத் தாள் இருக்கிறது, முதல் கேள்விக்குப் பெரும்பாலும் இல்லை. ஃபேஸ்-ஓஃப் வெற்றி தோல்வியையும் ஐஸில் நின்ற நிமிடங்களையும் என்.எச்.எல். (லீஃப்ஸ் ஆடும் வட அமெரிக்க லீக்) ஒழுங்காகப் பதிவு செய்யத் தொடங்கியதே 1997-98 பருவத்தில்தான். தற்காப்பில் சிறந்த முன்வரிசை ஆட்டக்காரருக்கு என்று செல்கி விருது வந்தது 1978இல். அதற்கு முந்திய ஆட்களுக்குச் சாட்சிகள்தான் உண்டு, கணக்கு இல்லை.

சரி, கணக்கு உள்ளதை முதலில் பார்ப்போம். லீஃப்ஸுக்காக ஆடியதை மட்டும் எடுக்கிறேன். டக் கில்மோர் 393 ஆட்டங்களில் 452 புள்ளி. டரல் சிட்லர் 844இல் 916. சில் அப்ஸ் 423இல் 432. மாட்ஸ் சுண்டீன் 981இல் 987. டேவ் கியோன் 1,062இல் 858. டெட் கெனடி 696இல் 560. ஓர் ஆட்டத்துக்கு எத்தனை என்று வகுத்தால் கில்மோர் முதலிடம், கியோனும் கெனடியும் கடைசி. அந்தக் கடைசி இருவரின் வீட்டிலும் சேர்த்து லீக்கின் வெற்றிக் கிண்ணமான ஸ்டான்லி கோப்பை ஒன்பது வெற்றிகள் இருக்கின்றன: கெனடிக்கு ஐந்து, கியோனுக்கு நான்கு. கில்மோர், சிட்லர், சுண்டீன் மூவரும் இந்தச் சட்டையில் ஒரு கோப்பையும் தூக்கவில்லை. புள்ளித் தாளை மட்டும் வைத்துக்கொண்டு நிற்க முடியாது என்பதற்கு இதுவே போதும்.

உடனே உங்கள் அண்ணா "அப்ப கோப்பையை எண்ணுவோம்" என்பார். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. 1942 முதல் 1967 வரை லீக்கில் இருந்தது ஆறே அணிகள். நான்கு அணி பிளேஓஃபுக்கு, அதாவது பருவ முடிவில் கோப்பைக்காக நடக்கும் தொடர்களுக்கு, போகும், இரண்டு தொடரை வென்றால் கோப்பை கையில். இன்றைக்கு நான்கு தொடர் வெல்ல வேண்டும், அணிகளோ முப்பதுக்கு மேல். சுண்டீனுக்குக் கோப்பை இல்லை என்று குறை சொல்கிறவர்கள் இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள். புள்ளிகளின் பெறுமதியும் காலத்துக்குக் காலம் மாறும், எங்கள் ஊர்ப் பவுண் விலை மாதிரி. கில்மோர் விளையாடிய 1992-93இல் ஓர் அணி ஆட்டத்துக்குச் சராசரியாக 3.6 கோல் போட்டது. சுண்டீனின் நல்ல வயதில், 2003-04இல், அது 2.6க்கு விழுந்துவிட்டது. இழுத்துப் பிடித்தாலும் மட்டையால் கொளுவினாலும் நடுவர் பார்க்காமல் விட்ட காலம் அது. அப்ஸ் தொடங்கியபோது ஒரு பருவத்துக்கு 48 ஆட்டம்தான், பிற்காலத்தில் 82. இன்னொரு விசயம்: நடுவில் ஓடும் சிவப்புக் கோடு 1943இல்தான் வந்தது. அதற்கு முன் தன் பகுதிக்குள் இருந்து அதன் எல்லையான நீலக்கோட்டைத் தாண்டி முன்னால் பக்கைக் கொடுக்க முடியாது, சுமந்துகொண்டுதான் வரவேண்டும். அப்ஸின் பெரும்பாலான வருடங்கள் அந்த விதிக்குள் கழிந்தவை. அந்த நிலையில் ஆட்டத்துக்கு ஒரு புள்ளிக்கு மேல் என்பது சின்ன வேலையில்லை.

அப்ஸைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல ஆசை. 1936இல் பேர்லின் ஒலிம்பிக்கில் கனடாவுக்காகக் கோலூன்றிப் பாய்ந்து ஆறாம் இடம் பெற்றார். அந்த வருடமே லீஃப்ஸில் சேர்ந்து, புதுமுகத்துக்கான கால்டர் கோப்பையை, அது வழங்கப்பட்ட முதல் தடவையிலேயே வாங்கினார். 1941-42 பருவம் முழுவதும் ஒரு நிமிடம்கூடத் தண்டனைப் பெட்டியில் உட்காரவில்லை. அந்த வசந்தத்தில் இறுதித் தொடரில் டிட்ரொயிற்றிடம் முதல் மூன்று ஆட்டங்களையும் தோற்று, அடுத்த நான்கையும் வென்ற அணிக்கு அவர்தான் கப்டன். ஸ்டான்லி கோப்பை இறுதியில் அப்படி மீண்டு வந்த அணி அது ஒன்றுதான். பிறகு இரண்டு பருவம் இராணுவத்தில் போனது, 28 முதல் 30 வரையான வயது. திரும்பி வந்து 1947, 1948 என்று இரண்டு கோப்பை எடுத்து, 33 வயதில், இன்னும் விளையாடக்கூடிய நிலையிலேயே விலகினார். கடைசிப் பருவத்தின் கடைசி ஆட்டத்தில் மூன்று கோல் போட்டு 201 கோல்களுடன் முடித்தார். இதெல்லாம் உறுதியானவை. அவருடைய தற்காப்பு எப்படி இருந்தது என்று கேட்டால், ஸ்கேற்றிங் வேகத்தைப் புகழ்ந்து எழுதியவை நிறைய உண்டு, கீழே இறங்கிச் செய்த வேலையைப் பற்றி அவ்வளவு இல்லை. நான் ஊகிக்க விரும்பவில்லை.

கெனடி நேர் எதிர். ஸ்கேற்றிங் சுமார் என்று அவர் காலத்து ஆட்களே சொன்னார்கள். ஆனால் மூலையில் பக்கைத் தோண்டி எடுப்பதிலும் ஃபேஸ்-ஓஃபிலும் அவருக்கு மேல் ஆள் இல்லை என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். எண் எதுவும் கிடையாது, சாட்சி மட்டும்தான், ஆனாலும் எதிரணி ஆட்களின் சாட்சியும் அதில் சேர்ந்திருப்பதால் நான் நம்புகிறேன். 1955இல் அவருக்குக் கிடைத்த ஹார்ட் விருதை, பருவத்தின் பெறுமதி மிக்க ஆட்டக்காரருக்கான விருதைப் பற்றித்தான் எனக்கு ஐமிச்சம். அந்தப் பருவத்தில் 10 கோலும் 42 அசிஸ்டும். ஓய்வு பெறப் போகிற ஆளுக்குக் கொடுத்த மரியாதையும் அதில் கொஞ்சம் கலந்திருந்தது என்றுதான் படுகிறது. அவரைப் பட்டியலில் வைப்பதற்கு அந்த விருது தேவையுமில்லை, ஐந்து கோப்பை அணிகளின் நடுவில் நின்ற ஆள். 1947-48 அணியைப் பாருங்கள்: முதல் லைனில் (சேர்ந்து இறங்கும் முன்வரிசை மூவரில்) அப்ஸ், அடுத்ததில் கெனடி, அதற்கடுத்ததில் மக்ஸ் பென்ற்லி. பென்ற்லி லீக்கின் முதல் புள்ளிக்காரராக இரண்டு முறை வந்தவர். ஐந்து ஆட்டக்காரர்களைச் சிக்காகோவுக்குக் கொடுத்து அவரை வாங்கினார்கள், அதுவும் சென்ரர் இருக்கும்போதே இன்னொரு சென்ரர். இந்தக் கழகம் அந்த இடத்தை எப்படி மதித்தது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

அறுபதுகளிலும் அப்படித்தான். டிட்ரொயிற்றில் பெயர்பெற்ற டிஃபென்ஸ்காரர் ரெட் கெலி 1960இல் இங்கே வந்தபோது, மொன்றியலின் ஜோன் பெலிவோவுக்கு எதிரே நிறுத்துவதற்காக பயிற்றுநர் பஞ்ச் இம்லாக் அவரைச் சென்ரராக மாற்றினார். அப்படி மாறிய கெலி இங்கே நான்கு கோப்பை வென்றார், இடையில் மூன்று வருடம் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார்! அவருடைய பெருமையில் பாதி டிட்ரொயிற்றுக்குச் சொந்தம் என்பதால் ஐவருக்குள் கொண்டுவரவில்லை. வேறு அணியில் பெயரெடுத்து வந்த சென்ரர்களான நோர்ம் உல்மனுக்கும் பென்ற்லிக்கும் அதே தீர்ப்புத்தான்.

கியோனுக்கு வருவோம். ஐந்தடி ஒன்பது அங்குலம், ஒல்லி. என்.எச்.எல்.லில் 1,296 ஆட்டம் விளையாடி மொத்தமாக 117 நிமிடம்தான் தண்டனை. இது வெறும் நல்ல பிள்ளைத்தனம் என்று நினைக்காதீர்கள். எதிரணியின் நல்ல சென்ரரைத் தடுப்பதுதான் உங்கள் வேலை என்றால், நீங்கள் பிந்தி வந்தால்தான் மட்டையால் கொளுவிப் பிடிக்க வேண்டி வரும். கியோன் பிந்தி வரவில்லை, அந்த 117க்கு அதுதான் அர்த்தம். சிறுவர் ஆட்டங்களில் ஸ்கோர் தாள் எழுதிய எனக்கு இது வடிவாக விளங்கும், கொளுவலுக்காகத் திரும்பத் திரும்பப் பெட்டிக்கு வருகிற பெடியன் கால் ஓயும் பெடியனாகத்தான் இருப்பான். 1967 பிளேஓஃபில் கியோன் 12 ஆட்டத்தில் எடுத்தது எட்டே புள்ளி. அதற்குத்தான் பிளேஓஃபின் சிறந்த ஆட்டக்காரருக்கான கோன் ஸ்மைத் விருது கொடுத்தார்கள், இன்று வரை அதை வென்ற ஒரே லீஃப்ஸ்காரர் அவர். எட்டுப் புள்ளிக்காரருக்கு அந்த விருதைக் கொடுத்தவர்கள் கோல் தாளைப் பார்த்து முடிவெடுக்கவில்லை என்பது தெரிகிறதல்லவா? அந்த இறுதித் தொடரின் ஆறாம் ஆட்ட ஒளிப்பதிவு கிடைத்தால் பக்கைப் பார்க்காமல் கியோனின் 14ஆம் இலக்கத்தை மட்டும் பாருங்கள். மொன்றியல்காரர் திரும்பும் பக்கமெல்லாம் அவர் முன்கூட்டியே நிற்பார். உரிமையாளர் ஹரல்ட் பலார்டுடன் முறுகி 1975இல் வெளியேறி, பல பத்து வருடம் கழகத்தின் வாசலையே மிதிக்காமல் இருந்தார். 2016இல் சிலை வைத்தார்கள், இலக்கத்தையும் வேறெவரும் அணியாதபடி ஓய்வுக்கு அனுப்பினார்கள். அதே வருடம் நூற்றாண்டுக்காகக் கழகம் வெளியிட்ட நூறு பேர் பட்டியலில் முதலாவதும் அவரே. அந்தப் பட்டியலின் முதல் ஐந்து பேரும் சென்ரர்கள்தான்: கியோன், அப்ஸ், கெனடி, சிட்லர், சுண்டீன். வேறு அணிகளுக்கு இப்படி அமைவது அரிது.

அந்தப் பட்டியலோடு நான் ஓரிடத்தில் முரண்படுகிறேன். சிட்லர் 1976 பெப்ரவரி 7இல் பொஸ்ரனுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஆறு கோல், நான்கு அசிஸ்ட், பத்துப் புள்ளி எடுத்தார். அரை நூற்றாண்டாகியும் எந்த அணியிலும் எவரும் தொடாத சாதனை. லீஃப்ஸில் ஒரு பருவத்தில் முதன்முதலாக நூறு புள்ளி தொட்டவரும் அவர். நண்பன் லனி மக்டொனல்டைக் கழகம் வேறு அணிக்கு விற்ற கோபத்தில் சட்டையிலிருந்த கப்டன் எழுத்தை வெட்டி எடுத்த மனிதரைப் பிடிக்காமல் போகுமா? ஆனாலும் என் முதல் கேள்விக்கு அவரை விடக் கில்மோர் பெரிய பதில் தருகிறார்.

1993 வசந்தத்தை இங்கிருந்த எங்கள் ஆட்கள் மறக்கமாட்டார்கள். வந்து நாலைந்து வருடமான சனம், ஹொக்கி விதியே சரியாகத் தெரியாது, ஒரு அபார்ட்மென்ட் அறையில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி இருந்து பார்த்தோம். அந்தப் பருவத்தில் கில்மோர் 32 கோல், 95 அசிஸ்ட், 127 புள்ளி. கழகத்தில் அதற்கு முன்னும் பின்னும் எவரும் எட்டாதது. பிளேஓஃபில் 21 ஆட்டத்தில் 35. புள்ளியில் இப்படிக் கொட்டியவரே அதே வருடம் செல்கி விருதையும் எடுத்தார். சென்ட் லூயிஸுக்கு எதிராக இரண்டாவது மேலதிக நேரத்தில் வலைக்குப் பின்னால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஆடிக்காட்டிச் சுற்றிவந்து போட்ட கோலை இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பிறகு லொஸ் ஏஞ்சலஸிடம் ஏழாம் ஆட்டத்தில் தோற்றோம், அவர்களுடைய நட்சத்திரம் கிரெட்ஸ்கி மூன்று கோல். ஆறாம் ஆட்டத்தில் கிரெட்ஸ்கியின் மட்டை கில்மோரின் முகத்தில் பட்டதையும் நடுவர் அதற்குத் தண்டனை கொடுக்காததையும் பற்றி ஆரம்பித்தால் இந்தப் பதில் முடியாது. கில்மோரின் பலவீனம் காலம்தான். இங்கே ஐந்து வருடம் சொச்சம், அதில் உச்சம் இரண்டு பருவம்.

சுண்டீனுக்கு அந்தக் குறை இல்லை. பதின்மூன்று பருவம், அதில் பன்னிரண்டில் அணியின் முதல் புள்ளிக்காரர், ஒவ்வொன்றிலும் இருபது கோலுக்குக் குறையவில்லை. 2008இல் போகும்போது கழகத்தின் கோல் சாதனையும் (420) புள்ளிச் சாதனையும் அவர் பெயரில் இருந்தன. மத்தியூஸுக்குப் பக்கத்தில் மார்னர் நின்ற மாதிரி ஒரு விங் ஆள் சுண்டீனுக்கு நீண்ட காலம் வாய்க்கவில்லை, ஹோக்லண்டையும் ரென்பெர்க்கையும் வைத்துக்கொண்டு இழுத்தார். 2002இல் கரோலைனாவுக்கு எதிராக, வெளியேறுவதற்கு 22 வினாடி இருக்கையில் சமன் செய்த கோலை நினைத்தால் இப்பவும் மயிர் சிலிர்க்கும். மேலதிக நேரத்தில் தோற்றுப்போனோம், அது வேறு கதை. தற்காப்பில் அவர் கியோனுமில்லை கில்மோருமில்லை. அண்ணாவிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.

உங்கள் மகளின் ஆளான மத்தியூஸுக்கு வருகிறேன். கோல் போடுவதில் இந்தக் கழகம் இப்படி ஒருவரைக் கண்டதில்லை, இதில் விவாதத்துக்கே இடமில்லை. முதல் ஆட்டத்திலேயே நான்கு கோல். முன்பிருந்த ஒரு பருவச் சாதனை ரிக் வைவின் 54. மத்தியூஸ் 2021-22இல் 73 ஆட்டத்தில் 60, 2023-24இல் 69. கெனடிக்குப் பிறகு 67 வருடம் கழித்து ஹார்ட் விருதை இங்கே கொண்டுவந்ததும் அவர்தான். பலர் நினைப்பதை விடத் தற்காப்பிலும் நல்லவர், எதிரணியின் மட்டையிலிருந்து பக்கைத் தட்டிப் பறிப்பதில் நீண்ட கை. குறை எங்கே என்றால் பிளேஓஃப் நடக்கும் வசந்த காலத்தில்தான். ஏப்ரலில் அந்தக் கோல்கள் அதே வேகத்தில் வரவில்லை. அதற்கு அவர் எவ்வளவு பொறுப்பு, அணி எவ்வளவு பொறுப்பு என்பதை நேர்மையாகப் பிரித்துச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. தவிர அவர் கணக்கு இன்னும் மூடப்படவில்லை, ஓடுகிற ஆளை ஓய்ந்த ஆட்களோடு நிறுத்தி அளப்பது சரியாக வராது.

ஆக என் வரிசை: கியோன், அப்ஸ், கெனடி, சுண்டீன், கில்மோர். கியோனுக்கும் அப்ஸுக்கும் இடையே நான் பல தடவை மாறியிருக்கிறேன். இராணுவத்தில் போன அந்த இரண்டு பருவம் அப்ஸின் கையில் இருந்திருந்தால் மறுபடி மாறக்கூடும். மூன்றாவதையும் நான்காவதையும் யாராவது இடம் மாற்றினால் சண்டைக்குப் போகமாட்டேன். ஐந்தாவது பெயரைப் பென்சிலால்தான் எழுதியிருக்கிறேன், அதை அழித்து மத்தியூஸ் என்று எழுத வேண்டி வரும் என்றே நினைக்கிறேன். இன்றைக்கே மகள் அழித்தாலும் தவறென்று சொல்லமாட்டேன், "அறுபத்தொன்பது" என்ற ஒரு சொல்லே அவளுக்குப் போதுமான வாதம்.

அவளுக்கு ஒரு சின்ன வேலை கொடுங்கள். அடுத்த ஆட்டத்தை ரீவியில் பார்க்கும்போது ஒரு கொப்பியும் பேனையும் எடுத்து, மத்தியூஸின் 34ஆம் இலக்கம் ஐஸில் நிற்கும் ஒவ்வொரு தடவையும் பக்கை விட்டுவிட்டு இரண்டே விசயத்தைக் குறிக்கட்டும்: எதிரணி எங்கள் பக்கத்துக்குள் வந்தபோது அவர் எதிர் சென்ரருக்கும் எங்கள் கோலுக்கும் இடையில் நின்றாரா, அல்லது அந்தச் சென்ரருக்குப் பின்னால் பிந்தி வந்தாரா? ஒரு பருவத்தில் பத்து ஆட்டத்துக்கு இப்படி எழுதினால் நான் பெட்டிக்குள் இருந்து கற்றதில் பாதி அவளுக்குக் கிடைத்துவிடும். ஒளிபரப்புக் கமெரா பக்கின் பின்னாலேயே ஓடுவதால் சில தடவை அவர் திரையில் இருக்கமாட்டார். அப்படியான இடத்தில் கேள்விக்குறி போட்டுவிடச் சொல்லுங்கள், ஊகித்து எழுத வேண்டாம்.